கதையே இல்லாத படம்... ஸ்டாப்வாட்ச் கணக்கில் இசை! பிஜிஎம் உலகின் முன்னோடி எரிக் சாட்டி யார்?

மழை பெய்யும் ஜன்னல், தனியாக ஒரு காபி கப், பின்னணியில் மெதுவாக ஒலிக்கும் பியானோ. இப்படி ஒரு ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்த பியானோ இசை பெரும்பாலும் ‘ஜிம்னோபெடி’யாகத்தான் இருக்கும். 1888-ல் 21 வயது இளைஞர் ஒருவர் பாரிஸில் எழுதியது. அவர் பெயர் எரிக் சாட்டி.

ஆனால் இந்தக் கட்டுரை அந்த பியானோ இசையைப் பற்றியது அல்ல. அதே மனிதர் 36 வருஷம் கழித்து, தன் வாழ்க்கையின் கடைசிக் கட்டத்தில் செய்த ஒரு வேலையைப் பற்றியது. 1924-ல் அவர் கைக்கு ஒரு படம் வந்தது. ஹீரோ இல்லை, ஹீரோயின் இல்லை, காதல் இல்லை, சொல்லப்போனால் கதையே இல்லை. இப்படிப்பட்ட பரிசோதனைப் படத்துக்கு எதைப் பிடித்துக்கொண்டு இசை போடுவது? சோகக் காட்சி என்றால் வயலின், சண்டைக் காட்சி என்றால் டிரம்ஸ் என்று போடலாம். என்ன காட்சி என்றே புரியாத படத்துக்கு?

அதற்கு சாட்டி கண்டுபிடித்த பதில் அவர் 58 வருஷம் வாழ்ந்த வாழ்க்கைக்குள்ளேயே இருந்தது. எப்படி என்று பார்க்கலாம்.

சோம்பேறி என்று பெயர் வாங்கிய மாணவன்

பிரான்ஸின் நார்மண்டி பகுதியில் ஓன்ஃப்ளூர் என்ற துறைமுக ஊரில் 1866 மே 17-ல் பிறந்தவர் சாட்டி. அப்பா பிரெஞ்சுக்காரர். அம்மா ஸ்காட்லாந்து வம்சாவளி. சாட்டிக்கு 6 வயதாக இருக்கும்போது அம்மா இறந்துபோனார். பிறகு தாத்தா, பாட்டிதான் வளர்த்தார்கள். 12 வயதில் பாட்டியும் கடற்கரையில் இறந்து கிடந்தார்.

அந்த ஊரில் சாட்டிக்குக் கிடைத்த ஒரே சொத்து இசைப் பாடம். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர்தான் முதல் ஆசிரியர். பழங்கால தேவாலயப் பாடல் முறை அந்த வயதிலேயே காதில் ஏறிவிட்டது. ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாமல், நிதானமாக, ஒரே சீராகப் போகும் பாடல்கள் அவை.

பாட்டி இறந்தபின் பாரிஸில் இருந்த அப்பாவிடம் போனார். 1879-ல் பிரான்ஸின் உச்ச இசைப் பள்ளியான பாரிஸ் கன்சர்வேட்டரியில் சேர்ந்தார். ஆசிரியர்கள் வைத்த பெயர் சோம்பேறி. 1882-ல் வெளியே அனுப்பிவிட்டார்கள். 1885-ல் திரும்பச் சேர்ந்தும் ஒட்டவில்லை. அடுத்து ராணுவத்தில் சேர்ந்தார். அதுவும் பிடிக்கவில்லை. குளிர்கால இரவில் வேண்டுமென்றே சட்டை இல்லாமல் நின்று மார்புச்சளி வரவழைத்துக்கொண்டு, அந்த வேலையில் இருந்தும் தப்பித்தார்.

படித்த இடம் கைவிட்டது. வேலையும் இல்லை. மனுஷன் நேராகப் போன இடம், மோன்மார்த்ர் பகுதியின் இரவு விடுதிகள்.

‘கறுப்புப் பூனை’யில் கிடைத்த முதல் சினிமா பாடம்

மோன்மார்த்ரில் ‘லெ ஷா நுவார்’ என்று ஒரு இரவு விடுதி இருந்தது. பெயருக்கு அர்த்தம், கறுப்புப் பூனை. ஓவியர்கள், கவிஞர்கள், வம்பு பேசுகிறவர்கள் எல்லோரும் கூடும் இடம். 1880-களின் இறுதியில் சாட்டிக்கு அங்கே பியானோ வாசிக்கும் வேலை கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் என்னவென்றால், அந்த விடுதியின் பெரிய ஈர்ப்பே நிழல் நாடகம்தான். நம்ம ஊர் தோல்பாவைக் கூத்து மாதிரி, வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து, துத்தநாகத் தகட்டில் வெட்டிய உருவங்களை நகர்த்துவார்கள். ஓவியர் ஆன்ரி ரிவியேர் உருவாக்கிய அரங்கம் அது. திரையில் படம் நகரும், பக்கத்தில் இசை ஓடும்.

லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டியது 1895 டிசம்பரில். அதற்குச் சில வருஷம் முன்பே, திரையில் நகரும் படத்தையும் அதனோடு வாழும் இசையையும் சாட்டி தினம் தினம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுதியில் பியானோ வாசிப்பது இன்னொன்றையும் கற்றுக்கொடுக்கும். அங்கே யாரும் இசையை உட்கார்ந்து கேட்க மாட்டார்கள். பேசுவார்கள், குடிப்பார்கள், சண்டை போடுவார்கள். இசை பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த அனுபவத்தை அவமானமாக எடுத்துக்கொண்ட கலைஞர்கள் உண்டு. சாட்டி அதைப் பிற்பாடு ஒரு கொள்கையாகவே மாற்றினார்.

ஒரே பக்கம்... 840 முறை!

1891 வாக்கில் சாட்டிக்கு ஒரு பெரிய நண்பர் கிடைத்தார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற இசையமைப்பாளர் க்ளோத் டெபுஸ்ஸி. சாட்டியின் ‘ஜிம்னோபெடி’ மூன்றில் இரண்டை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதிக் கொடுத்தவரும் அவர்தான்.

1893-ல் காதலும் வந்தது. ஓவியர் சூசான் வலடோன். சுமார் ஆறு மாதத்தில் முடிந்துபோன உறவு. அதன் பிறகு சாட்டி வாழ்க்கையில் வேறு காதல் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் காலகட்டத்தில்தான் ‘வெக்சேஷன்ஸ்’ என்ற பியானோ துண்டை எழுதினார். மொத்தமே ஒரு பக்கம். ஆனால் அதை 840 முறை திரும்பத் திரும்ப வாசிக்கலாம் என்று ஒரு குறிப்பு வைத்திருந்தார். கிண்டலா, சீரியஸா என்று இன்றுவரை விவாதம் ஓடுகிறது. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1963-ல் நியூயார்க்கில் பல பியானோ கலைஞர்களை வரிசையாக உட்கார வைத்து அதை நிஜமாகவே வாசிக்க வைத்தார். முடிக்க 18 மணி நேரத்துக்கும் மேல் ஆனது.

ஒரே விஷயத்தைத் திரும்பச் செய்வது சாட்டியின் வாழ்க்கையிலும் இருந்தது. 1895-ல் கொஞ்சம் பணம் கிடைத்ததும் ஒரே மாதிரியான வெல்வெட் சூட் ஏழு வாங்கினார். வருஷக்கணக்கில் அதையேதான் மாற்றி மாற்றிப் போட்டார்.

1898-ல் வாடகை கட்ட முடியாமல் பாரிஸுக்கு வெளியே ஆர்கேய் என்ற தொழிலாளர் குடியிருப்புக்கு மாறினார். ஒரே ஒரு அறை. வேலை இருப்பதோ மோன்மார்த்ரில். தினமும் சுமார் 10 கிலோமீட்டர் நடந்து போவார். இரவு வேலை முடிந்து கடைசி ரயிலை விட்டுவிட்டால் திரும்பவும் நடைதான். விளக்குக் கம்பத்தின் கீழ் நின்று நோட்டுப் புத்தகத்தில் இசைக் குறிப்பு எழுதுவார், மறுபடி நடப்பார். அவர் இசையில் உள்ள அந்த ஒரே சீரான துடிப்பு இந்த நடையில் இருந்து வந்தது என்று கருதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

39 வயதில் மறுபடியும் ஸ்கூல்

இசை தெரியாதவர் என்ற பேச்சு மட்டும் சாட்டியை விடவே இல்லை. சரி, படித்துத்தான் பார்ப்போமே என்று 1905-ல், 39 வயதில், ஸ்கோலா கேன்டோரம் என்ற இசைப் பள்ளியில் சேர்ந்தார். கூடப் படித்தவர்கள் எல்லாம் சின்னப் பசங்க. கண்டிப்பான இலக்கணப் பாடம். 1908-ல் டிப்ளமோ வாங்கிவிட்டுத்தான் வெளியே வந்தார்.

1911-ல் இன்னொரு பெரிய இசையமைப்பாளர் மோரிஸ் ராவெல், சாட்டியின் பழைய பியானோ துண்டுகளை மேடையில் வாசித்தார். அதுவரை விடுதி பியானோக்காரராக இருந்தவரை பாரிஸ் திரும்பிப் பார்த்தது.

அடுத்தது 1917 மே 18. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது ‘பராட்’ என்ற பாலே நாடகம் அரங்கேறியது. எழுதியவர் ழான் கோக்தோ, மேடையும் உடையும் பிக்காசோ, இசை சாட்டி. அந்த இசையில் டைப்ரைட்டர் சத்தம், துப்பாக்கிச் சத்தம், சைரன் எல்லாம் வந்தது. அரங்கில் கூச்சல், ரகளை.

மோசமாக எழுதிய ஒரு விமர்சகருக்கு சாட்டி கோபத்தில் தபால் அட்டைகளில் கெட்ட வார்த்தையில் திட்டி அனுப்பினார். அட்டை என்பதால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் இல்லையா? அவதூறு வழக்கு பாய்ந்தது. 8 நாள் சிறைத் தண்டனை, அதோடு அபராதம். பிறகு நண்பர்கள் முயற்சியால் சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

‘தயவுசெய்து கேட்காதீங்க’ வகை இசை

1920 மார்ச் 8. பாரிஸில் ஒரு ஓவியக் கூடத்தில் நாடகம் நடந்தது. இடைவேளையில் சாட்டியும் இளம் இசையமைப்பாளர் டாரியஸ் மீயோவும் ஒரு சோதனை செய்தார்கள். இசைக் கலைஞர்களை அறையின் வெவ்வேறு மூலைகளில் உட்கார வைத்து, சின்ன இசைத்துண்டுகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். இதற்கு சாட்டி வைத்த பெயர் ‘ஃபர்னிச்சர் மியூசிக்’.

ஐடியா ரொம்ப சிம்பிள். வீட்டில் நாற்காலி இருக்கும், மேசை இருக்கும். அதை யாரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். ஆனால் இல்லாவிட்டால் அறை வெறிச்சென்று இருக்கும். இசையும் அப்படி இருக்கட்டுமே என்பதுதான்.

நடந்தது வேறு. இசை ஆரம்பித்ததும் மக்கள் மரியாதையாக இடத்தில் போய் உட்கார்ந்து அமைதியாகக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சாட்டி அங்கும் இங்கும் ஓடி, பேசுங்கள், நடமாடுங்கள், கேட்காதீர்கள் என்று கெஞ்ச வேண்டியதாகிவிட்டது. அன்றைக்குச் சோதனை தோல்விதான். ஆனால் அந்த ஐடியாவுக்குச் சரியான இடம் நாலு வருஷத்தில் கிடைத்தது. அந்த இடம், சினிமா தியேட்டர்.

அந்தப் படத்தில் அப்படி என்ன இருந்தது?

1924-ல் ‘ஸ்வீடிஷ் பாலே’ என்ற குழுவுக்காக ஓவியர் பிரான்சிஸ் பிகாபியாவும் சாட்டியும் சேர்ந்து ஒரு பாலே உருவாக்கினார்கள். பெயர் ‘ரெலாஷ்’. பிரெஞ்சு தியேட்டர்களில் இன்று காட்சி இல்லை என்று மாட்டும் போர்டில் இருக்கும் வார்த்தை அது. நம்ம ஊரில் ஒரு படத்துக்கு ‘இன்று விடுமுறை’ என்று பெயர் வைத்த மாதிரி.

பாலேவின் தொடக்கத்தில் ஒரு துண்டும், இரண்டு அங்கங்களுக்கு நடுவே மீதியுமாக ஒரு படம் ஓட வேண்டும் என்பது பிகாபியாவின் திட்டம். படத்தின் குறிப்புகளை ஒரு ஹோட்டலின் காகிதத்தில் எழுதி, ரெனே கிளேர் என்ற 25 வயது இளைஞரிடம் கொடுத்தார். சுமார் 20 நிமிஷப் படம். பெயர் ‘ஆந்த்ராக்ட்’, அதாவது இடைவேளை.

படத்தில் என்னென்ன வருகிறது?

* தியேட்டர் மொட்டை மாடியில் ஒரு பீரங்கி. சாட்டியும் பிகாபியாவும் ஸ்லோ மோஷனில் குதித்து வந்து குண்டு போடுகிறார்கள். ஆமாம், இசையமைப்பாளரே நடித்திருக்கிறார். கையில் குடையோடு!
* மாடி விளிம்பில் மார்செல் டூஷாம்ப், மேன் ரே என்ற இரண்டு கலைஞர்கள் செஸ் ஆடுகிறார்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்து ஆட்டம் கலைகிறது.
* பாரிஸ் கூரைகளுக்கு மேலே காகிதக் கப்பல் மிதக்கிறது.
* கண்ணாடித் தரைக்குக் கீழிருந்து எடுத்த ஒரு நடனக்காரி. கேமரா மேலே போனால் தாடி வைத்த முகம்.
* ஒரு வேட்டைக்காரர் சுடப்படுகிறார். அவருடைய அமரர் ஊர்தியை இழுப்பது ஒட்டகம். பின்னால் வருகிறவர்கள் துள்ளித் துள்ளி ஓடுகிறார்கள். வண்டி தனியாகக் கழன்று ஓட, மொத்த ஊரும் துரத்துகிறது.
* கடைசியில் சவப்பெட்டி திறந்து, உள்ளே இருந்தவர் மந்திரவாதியாக எழுந்து எல்லோரையும் மறைய வைக்கிறார்.

புரிகிறதா? புரியக்கூடாது என்பதுதான் எடுத்தவர்களின் நோக்கமே.

சாட்டி இசையை எங்கே இருந்து எடுத்தார்?

அது மௌனப் பட காலம். படச்சுருளில் ஒலி கிடையாது. தியேட்டரில் பியானோக்காரரோ ஆர்கெஸ்ட்ராவோ நேரடியாக வாசிப்பார்கள். பெரும்பாலும் ரெடிமேட் இசைதான். அழுகைக்கு ஒன்று, துரத்தலுக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று என்று கைவசம் வைத்திருப்பார்கள். ஒரு குறிப்பிட்ட படத்துக்கென்றே இசை எழுதுவது முன்பே நடந்திருக்கிறது. ஆனால் அவை கதையை நம்பிய இசை.

சாட்டி கதையைத் தேடவில்லை. காட்சி என்ன உணர்ச்சியைச் சொல்கிறது என்றும் கேட்கவில்லை. ரெனே கிளேரிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எந்தக் காட்சி, எவ்வளவு நேரம்? கிளேர் காட்சிகளையும் அவற்றின் நேர அளவையும் கொடுக்க, அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சாட்டி உட்கார்ந்தார்.

அவர் எழுதிய இசையின் பெயர் ‘சினிமா’. அதில் தலைப்போடு கூடிய 10 பகுதிகள். புகைபோக்கிகள், வெடிக்கும் பலூன்கள் என்று ஒன்று, செஸ்ஸும் கூரை மேல் கப்பலும் என்று ஒன்று, சவ ஊர்வலம், ஸ்லோ மோஷன் ஊர்வலம், துரத்தல், சவப்பெட்டி விழுவது என்று படத்தின் வரிசையிலேயே போகும்.

ஒவ்வொரு பகுதிக்குள்ளும் பெரிய மெட்டு எதுவும் இல்லை. சின்னச் சின்ன இசைத்துண்டுகள்தான். நம்ம இசைக் கணக்கில் நாலு ஆவர்த்தனம், எட்டு ஆவர்த்தனம் என்று சொல்கிற மாதிரி அளவான கட்டைகள். ஒரு துண்டு சில முறை திரும்ப வரும். காட்சி மாறினால் டக்கென்று அடுத்த துண்டு. முதலில் வந்தது நடுநடுவே திரும்பவும் எட்டிப்பார்க்கும்.

இதில் ஒரு நடைமுறை வசதியும் இருக்கிறது. அந்தக் காலத்தில் படம் ஓடும் வேகம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. நீளமான மெட்டு எழுதினால், படம் கொஞ்சம் மெதுவாக ஓடினாலே இசை முன்னால் போய் நின்றுவிடும். சின்னத் துண்டு என்றால் பிரச்சினை இல்லை. திரையில் காட்சி மாறும் வரை இன்னொரு முறை வாசித்துக்கொள்ளலாம். இன்றைக்கு இசையமைப்பாளர்கள் லூப் என்று சொல்கிறார்களே, அதே வேலைதான்.

இப்போது அவர் வாழ்க்கையைத் திரும்பிப் பாருங்கள். திரையோடு சேர்ந்து வாழும் இசையைப் பழகிய இடம் கறுப்புப் பூனை விடுதி. ஒரே துண்டைத் திரும்ப வாசிக்கும் துணிச்சல் ‘வெக்சேஷன்ஸ்’ காலத்தில் வந்தது. கவனத்தைப் பிடுங்காமல் பின்னால் நிற்கும் குணம் ‘ஃபர்னிச்சர் மியூசிக்’ தந்தது. படம் அவருக்கு எந்த உணர்ச்சியையும் கொடுக்கவில்லை. ஆனால் நேர அளவைக் கொடுத்தது. அதை நிரப்பத் தேவையான எல்லாம் அவரிடம் முப்பது வருஷமாகச் சேர்ந்து கிடந்தது.

கிண்டலும் இல்லாமல் இல்லை. ஒட்டகம் இழுக்கும் அந்த இறுதி ஊர்வலத்தில், ஐரோப்பிய சாவு ஊர்வலங்களில் வழக்கமாக வாசிக்கும் ஷோபானின் புகழ்பெற்ற இசையைக் கோணலாக்கி நுழைத்திருந்தார். பாலே பகுதிக்கோ, ராணுவ முகாம்களிலும் தெருவிலும் பாடும் பச்சையான பாட்டுகளின் மெட்டை எடுத்துப் போட்டார். பணக்காரர்கள் வரும் அரங்கில், வெளியே சொல்ல முடியாத பாட்டு!

முதல் நாளே கதவு பூட்டு

1924 நவம்பர் 27-ல் அரங்கேற்றம் என்று அறிவித்திருந்தார்கள். கோட்டு சூட்டோடு வந்த கூட்டம் பார்த்தது, இருட்டில் மூடிக் கிடக்கும் தியேட்டரை. முக்கிய நடனக் கலைஞர் ழான் போர்லினுக்கு உடம்பு சரியில்லை. ஆனால் நாடகத்தின் பெயரே இன்று காட்சி இல்லை என்பதுதானே? இதுவும் ஜோக்கின் ஒரு பகுதி என்றே பலரும் நினைத்துக்கொண்டார்கள்.

டிசம்பர் 4-ல் நிஜமாகவே திரை ஏறியது. ரோஜர் தெசொர்மியேர் இசைக்குழுவை நடத்தினார். முடிவில் சாட்டியும் பிகாபியாவும் ஒரு குட்டி சிட்ரோயன் காரில் மேடைக்கு வந்து கையசைத்தார்கள்.

விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஒரு காலத்தில் சாட்டியை குருவாகக் கொண்டாடிய இளம் இசையமைப்பாளர்களில் ஒருவரான ஜார்ஜ் ஓரிக்கும் எதிர்த்து எழுதியவர்களில் இருந்தார். இளமையில் சோம்பேறி என்று சொன்ன ஊர், முதுமையில் கோமாளி என்றது.

27 வருஷம் யாரும் பார்க்காத அறை

‘சினிமா’தான் சாட்டி எழுதிய ஒரே திரை இசை. அடுத்த சில வாரங்களில் உடம்பு விழுந்துவிட்டது. வருஷக்கணக்கான குடி கல்லீரலைத் தின்றிருந்தது. நண்பர்கள் பாரிஸில் ஹோட்டல் அறை எடுத்துக் கொடுத்தார்கள், பிறகு மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1925 ஜூலை 1-ல், 59 வயதில் இறந்தார். படம் வெளிவந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை.

அதன்பிறகுதான் நண்பர்களும் தம்பியும் ஆர்கேய் அறைக்குள் போனார்கள். அங்கே குடியிருந்த 27 வருஷத்தில் யாரையும் அவர் உள்ளே விட்டதில்லை. பெரிய கலைஞர்களோடு பழகியவர் எவ்வளவு வறுமையில் இருந்தார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பழுதான பியானோக்கள், குவியலாகக் குடைகள், பிரிக்காத கடிதங்கள், போட்டுத் தேய்ந்த வெல்வெட் சூட்டுகள். பியானோவுக்குப் பின்னால் இருந்து ‘ஜாக் இன் த பாக்ஸ்’ என்ற இசையின் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. அதை பஸ்ஸில் தொலைத்துவிட்டதாகவே சாட்டி நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

சாட்டி செய்ததன் மதிப்பு மெதுவாகத்தான் புரிந்தது. ‘ஆந்த்ராக்ட்’ படத்துக்கு 1960-களில் சாட்டியின் இசையோடு ஒலி வடிவம் சேர்க்கப்பட்டது. பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் 1963-ல் எடுத்த ‘லெ ஃபூ ஃபொலே’ படத்துக்குப் பின்னணியாக சாட்டியின் பழைய பியானோ இசையையே பயன்படுத்தினார். 1970-களில் பிரையன் ஈனோ ‘ஆம்பியன்ட்’ என்று பெயர் வைத்த இசை வகைக்கும் ‘ஃபர்னிச்சர் மியூசிக்’ ஒரு முன்னோடி. படிக்கும்போதும் தூங்கும்போதும் நாம் ஓட விடும் பிளேலிஸ்ட் எல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

குறும்படம் எடுக்கிறவர்களும், அதற்கு இசை போட உட்காரும் இளைஞர்களும் சாட்டியிடம் எடுத்துக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. படம் புரியவில்லை, மூட் வரவில்லை என்று அவர் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு காட்சியும் எத்தனை விநாடி என்று எழுதி வாங்கிக்கொண்டு, அந்த இடத்தை அளவாக நிரப்பினார். ‘ஆந்த்ராக்ட்’ இன்று இணையத்தில் பார்க்கக் கிடைக்கிறது. ஒருமுறை சத்தத்தை மியூட் செய்து பாருங்கள், பிறகு இசையோடு பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.